கடைக்கூடையும் வறுமைக் கணக்கும்

நாட்டிலே மக்கள் ஏழைகளாகி வருகிறார்களா, இல்லையா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் பலரும் கடையையே காட்டுகிறார்கள். "சுப்பர் மார்க்கற்றில் நிற்க இடமில்லை, பிறகெங்கே வறுமை?" என்கிறார் ஒருவர். "ஒரு கிலோ பருப்பு வாங்கினவர் இப்போது நூறு கிராம் வாங்குகிறார், இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?" என்கிறார் மற்றவர். இருவரும் தாம் கண்டதையே சொல்கிறார்கள். ஆனால் கடையிலே காண்பதைக் கொண்டு வறுமையை எடைபோடுவதற்குச் சில கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும். அவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்து, முன்னர் தாமே விளைவித்த பொருளை இன்று காசு கொடுத்து வாங்கும் குடும்பங்களுக்கு இது வெறும் பொருளியற் பாடமன்று. உதவி யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதெல்லாம் இப்படியான கணக்குகளிலேதான் தங்கியிருக்கின்றது.

முதலில் ஒரு பழைய கணக்கு. ஜேர்மனியின் சக்சனி நாட்டிலே புள்ளிவிபர அலுவலகத்துக்குப் பொறுப்பாயிருந்த எர்ன்ஸ்ற் ஏங்கல் என்பவர் 1857ஆம் ஆண்டில் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்தார். (கார்ல் மார்க்சின் நண்பர் பிரெட்ரிக் ஏங்கெல்ஸ் வேறு, இவர் வேறு.) ஏங்கல் கண்டது இதுதான்: குடும்பம் எவ்வளவுக்கு ஏழையாக இருக்கின்றதோ அவ்வளவுக்கு அதன் செலவிலே உணவு பெரும் பங்கை எடுத்துக்கொள்கிறது. வருமானம் கூடும்போது உணவுக்குச் செலவிடும் தொகையும் கூடலாம், ஆனால் மொத்தச் செலவில் அதன் வீதம் குறையும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்விதி பெரும்பாலான நாடுகளில் பொருந்தி வருகின்றது. இலங்கையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய வீட்டு வருமான செலவின ஆய்வின்படி சராசரிக் குடும்பமொன்றின் மாதச் செலவு 63,130 ரூபா. அதில் உணவுக்குச் சென்றது ஏறக்குறைய 35 வீதம்.

ஆகவே, "எவ்வளவு ரூபாவுக்குச் சாமான் வாங்கினார்கள்?" என்று கேட்டால் மட்டும் போதாது. கையிலிருந்த காசில் எத்தனை பங்கு சாப்பாட்டுக்கே போனது, மிஞ்சியது எவ்வளவு என்று கேட்க வேண்டும். பிள்ளையின் கொப்பி, பஸ் காசு, மருந்து, கூரைத் தகரம் எல்லாம் அந்த மிச்சத்திலிருந்துதான் வரவேண்டும்.

கல்லாப்பெட்டி சொல்வதும் சொல்லாததும்

கடையின் விற்பனைத் தொகை கூடினால் மக்கள் வசதியாக இருக்கிறார்கள் என்று நினைப்பது இலகு. ஆனால் விற்பனைத் தொகை என்பது விலையையும் அளவையும் பெருக்கி வருவது. ஒரு கடை கடந்த ஆண்டு ஒரு மாதத்தில் 100 கிலோ பருப்பைக் கிலோ 200 ரூபாவாக விற்றது என்று வைத்துக்கொள்வோம். வரவு 20,000 ரூபா. இந்த ஆண்டு விலை 400 ரூபா. மக்கள் 70 கிலோதான் வாங்கினார்கள். வரவு 28,000 ரூபா. கடைக்காரரின் கணக்கிலே விற்பனை 40 வீதம் உயர்ந்திருக்கிறது. ஊராரின் கறிச்சட்டியிலே பருப்பு 30 வீதம் குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே மாதத்துக் கணக்கு.

2022ஆம் ஆண்டில் நாட்டிலே நடந்ததை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரசாயன உரம் இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவெம்பரில் தடையை நீக்கினார்கள். எனினும் 2021/22 பெரும்போகம் ஏற்கெனவே உரமில்லாமல் தொடங்கிவிட்டபடியால் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அதேவேளை வெளிநாட்டு நாணயம் தீர்ந்துபோனது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலரொன்று 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவாகிவிட்டது. பருப்பு, சீனி, கோதுமை மா, பால்மா யாவும் டொலர் கொடுத்து வாங்குபவை. 400 கிராம் பால்மாப் பைக்கற் 2021 ஒக்டோபரில் 480 ரூபாவாயிற்று, 2022 மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. உணவுப் பொருள்களுக்கு மட்டும் 94.9 வீதம். அதாவது முதல் ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய உணவு 195 ரூபாவாகிவிட்டது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 69.8 என்ற அந்த எண் எல்லோருக்கும் ஒரே எண்ணன்று. அப்போது பயன்பட்ட கொழும்புச் சுட்டெண்ணிலே உணவுக்குக் கொடுத்திருந்த பங்கு ஏறக்குறைய 28 வீதம். நாடு முழுவதுக்குமான சுட்டெண்ணிலே அது ஏறக்குறைய 44 வீதம். வருமானத்தில் 80 வீதத்தைச் சாப்பாட்டுக்கே கொடுக்கும் கூலிக் குடும்பத்தின் கணக்கு என்னவாகும்? உணவு விலை 95 வீதமும் ஏனையவை 58 வீதமும் ஏறினால் அந்தக் குடும்பத்துக்கு மொத்தத்தில் ஏறக்குறைய 88 வீதம் விலை ஏறியிருக்கின்றது. வானொலியில் 69 என்று சொல்லும்போது "எங்களுக்கு அதைவிடக் கூட" என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

பின்னர் 2023 ஜூலையில் பணவீக்கம் 6.3 வீதத்துக்கு இறங்கியது. விலை இறங்கிவிட்டது என்று பலர் எண்ணினார்கள். விலை இறங்கவில்லை, ஏறும் வேகந்தான் குறைந்தது. 100 ரூபாவிலிருந்து 170 ரூபாவுக்கு ஏறிய பொருள் அடுத்து 180 ரூபாவுக்கு ஏறினால் பணவீக்கம் 6 வீதந்தான். பழைய 100 ரூபாவுக்கு அது திரும்பியதாகப் பொருளல்ல. நாட்கூலியும் அதேயளவு உயர்ந்ததா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. உயராதவரையில் அந்தக் குடும்பம் 2021இல் இருந்ததைவிட ஏழைதான், பணவீக்கம் எத்தனை வீதமாக இருந்தாலும்.

கடையை மாற்றுகிறவர்கள்

நெருக்கடி வந்தால் மக்கள் எப்படி வாங்குகிறார்கள் என்பதிலே எல்லா நாட்டாருக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் பேர்போன கம்பனியின் பொருளை விட்டு மலிவான பொருளுக்குப் போகிறார்கள். அடுத்து அளவைக் குறைக்கிறார்கள். பிறகு இறைச்சியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து பருப்புக்கும், பருப்பிலிருந்து சம்பலுக்கும் இறங்குகிறார்கள். கடைசியாக ஒரு வேளைச் சாப்பாட்டை விடுகிறார்கள்.

பிரித்தானியாவிலே 2023 மார்ச்சில் உணவு விலைகள் ஓராண்டுக்குள் 19 வீதத்துக்கு மேல் ஏறின. ஏறக்குறைய 45 ஆண்டுகளில் அங்கு அப்படி ஏறியதில்லை. அங்கே சனம் அல்டி, லிடில் என்னும் மலிவு விலைக் கடைகளுக்குத் திரும்பினார்கள். 2022 செப்டெம்பரில் அல்டி, நெடுங்காலம் நான்காம் இடத்திலிருந்த மொறிசன்ஸ் நிறுவனத்தை முந்தியது. பெரிய கடைகளிலும் கம்பனிப் பெயர் இல்லாத, அந்தந்தக் கடையின் பெயரையே தாங்கிய மலிவுப் பொருள்கள் கூடுதலாக விற்றன. அல்டியின் கணக்கை மட்டும் பார்த்தால் ஒரே கொண்டாட்டம்! வறியவராகிக்கொண்டிருந்தவர்களே அந்தக் கடையை நிறைத்தார்கள் என்பது கணக்கின் மறுபக்கம்.

நம் நாட்டில் வேறுவிதமாக நடக்கிறது. 1844இல் கொழும்பிலே வணிகம் தொடங்கிய கார்கில்ஸ் நிறுவனம் 1983இல் தன் முதலாவது சுப்பர் மார்க்கற்றைத் திறந்தது. பின்னர் கீல்ஸ், ஆர்ப்பிக்கோ போன்றவை வந்தன. 2009இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் இத்தகைய கடைகள் பெருகின. இருந்தும் நாட்டு மக்களில் பெரும்பாலோர் இன்றும் வாங்குவது ஊர்க் கடையிலும் சந்தையிலும் சங்கக்கடையிலும் சதோசவிலுந்தான். சுப்பர் மார்க்கற்றில் கைக்காசு வேண்டும், அல்லது வங்கி அட்டை வேண்டும். ஊர்க் கடையிலே கொப்பிக் கடன் உண்டு. சம்பளம் வந்ததும் தருகிறேன், அறுவடை முடிந்ததும் தருகிறேன் என்று சொல்லிச் சாமான் வாங்க முடியும். எனவே இங்கே காசு முடைப்பட்ட குடும்பம் பெரிய கடையை விட்டுக் கடன் தரும் சிறு கடைக்குத் திரும்பிவிடுகிறது. அதன்பின் பெரிய கடையின் வாசலில் நின்று கூட்டத்தை எண்ணுபவர், வர முடிந்தவர்களை மட்டுமே எண்ணுகிறார். வராமற் போனவர்கள் அவர் கண்ணிற் படுவதில்லை. "நிற்க இடமில்லை" என்றவரின் வாதம் இங்கேதான் உடைகிறது.

ஊர்க் கடைக் கொப்பியோ வேறு கதை சொல்லும். மாத முடிவில் தீர்க்கப்பட்ட கடன் இரண்டு மாதமாக நீள்வதும், மீன் ரின் இருந்த வரியில் நெத்தலிக் கருவாடும் பிறகு பப்படமும் வருவதும் அங்கே எழுதப்பட்டிருக்கும். எந்தத் திணைக்களமும் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

சிறிய பைக்கற்

நாட்கூலியில் வாழ்பவர் சிறிய பைக்கற்றை வாங்குவது பற்றி ஏளனமாகப் பேசுவோர் உண்டு. "ஒரேயடியாக ஒரு கிலோ வாங்கினால் இலாபந்தானே, இவர்களுக்குச் சிக்கனம் தெரியாது" என்பார்கள். இதை நாம் ஏற்கவில்லை.

ஒரு கிலோ பருப்பு 300 ரூபாவுக்கும் 100 கிராம் 35 ரூபாவுக்கும் விற்கிறதென்று வைத்தால், நூறு நூறாக வாங்குபவர் கிலோவுக்கு 350 ரூபா கொடுக்கிறார். 50 ரூபா நட்டம் என்பது உண்மை. ஆனால் மாலையில் கையில் வருவது அன்றைய கூலி. அதிலே அரிசி, தேங்காய், மண்ணெண்ணெய், பிள்ளைக்குப் பால்மா எல்லாம் வாங்க வேண்டும். 300 ரூபாவைப் பருப்புக்கே கொடுத்தால் அன்றைக்கு அரிசி இல்லை. முகாம் கொட்டிலிலோ உறவினர் வீட்டுத் தாழ்வாரத்திலோ இருப்பவருக்கு எலிக்கும் எறும்புக்கும் ஈரத்துக்கும் தப்ப ஒரு கிலோவை வைக்க இடமுமில்லை. அந்த 50 ரூபா, சேமித்த காசு இல்லாததற்கு ஏழை கொடுக்கும் வட்டி. அவர் அறியாமையால் அதைக் கொடுக்கவில்லை, வேறு வழியில்லாமல் கொடுக்கிறார். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மூடையாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் இந்த வட்டி மிஞ்சும். மாதர் சங்கங்கள் சில இடங்களில் இதைச் செய்துவருகின்றன. யாரிடம் முதலில் காசு சேர்ப்பது, யார் வீட்டில் மூடையை வைப்பது என்ற இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

சிறிய பைக்கற் எப்போதும் விலை கூடியது என்றும் எண்ணிவிட வேண்டாம். சில கம்பனிகள் தலைமுழுகும் ஷம்பூவைப் போத்தலைவிடச் சிறு பைக்கற்றில் மலிவாக விற்பதுண்டு. விலையை எடையாற் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

எடையைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. விலையை ஏற்றினால் வாங்குபவர் கோபிப்பார் என்று, விலையை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் அளவைக் குறைக்கும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. 2016இல் சுவிஸ் நாட்டுப் பேர்போன சொக்கலேற் ஒன்று பிரித்தானியாவிலே 170 கிராமிலிருந்து 150 கிராமாகக் குறைந்தது. முக்கோணத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளியை அகட்டி வைத்திருந்தார்கள், கட்டியின் நீளம் மாறவில்லை. நமக்குச் சொக்கலேற் பெரிய விடயமல்ல. ஆனால் பிஸ்கற்றிலும் சவர்க்காரத்திலும் இதே வித்தை நடக்கலாம். பைக்கற்றில் எடையும் உச்ச சில்லறை விலையும் அச்சிட்டிருக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேலே விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அந்த உரிமையைத் தருகின்றது.

வாங்குவது கூடினாலும் வறுமை கூடலாம்

இனி நம் வாசகரின் நிலைக்கு வருவோம். மேலே சொன்ன கணக்குகள் யாவும், வாங்குவது குறைந்தால் வறுமை என்ற எண்ணத்தை ஒட்டியவை. இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்துக்கு இது தலைகீழாகிறது.

ஐந்து பேருள்ள குடும்பமொன்றை எடுத்துக்கொள்வோம். சொந்த ஊரில் இருந்தபோது வயலில் விளைந்த நெல்லை அவித்துக் குத்திச் சாப்பிட்டார்கள். மாதம் 45 கிலோ அரிசி. கிலோ 200 ரூபா என்று வைத்தால் 9,000 ரூபா பெறுமதி. வளவிலே தென்னை நின்றது; நாளுக்கொரு தேங்காய், ஒன்று 100 ரூபாவாக 3,000 ரூபா. முருங்கையிலை, கத்தரி, வாழைக்காய், முட்டை, ஆட்டுப்பால் இன்னொரு 3,000 ரூபா. ஆக 15,000 ரூபா பெறுமதியான உணவு காசில்லாமல் அடுப்படிக்கு வந்தது. புகையிலையோ வெங்காயமோ விற்றும் கூலிக்குப் போயும் மாதம் 20,000 ரூபா காசு வந்ததென்போம். அதில் 8,000 ரூபாவுக்குக் கடையில் மீன், சீனி, தேயிலை, மா முதலியன வாங்கினார்கள். மற்றைய செலவுகளுக்கு 12,000 ரூபா மிஞ்சியது.

இடம்பெயர்ந்தபின் வயலுமில்லை, தென்னையுமில்லை. இருவர் கூலிக்குப் போகிறார்கள். மாதம் 25,000 ரூபா காசு வருகிறது. எல்லா உணவையும் கடையில் வாங்க வேண்டியிருப்பதால் 21,000 ரூபா சாப்பாட்டுக்கே போகிறது. முன்னர் 23,000 ரூபா பெறுமதிக்குச் சாப்பிட்டவர்கள் இப்போது 21,000 ரூபாவுக்குச் சாப்பிடுகிறார்கள். மிச்சம் 4,000 ரூபா.

வெளியாள் ஒருவர் இதை எப்படிப் பார்ப்பார்? காசு வருமானம் 20,000இலிருந்து 25,000 ஆகியிருக்கிறது. கடையில் வாங்குவது 8,000இலிருந்து 21,000 ஆகியிருக்கிறது. குடும்பம் முன்னேறிவிட்டது என்பார்! உண்மையிலோ காசும் விளைச்சலும் சேர்ந்த மொத்த வருமானம் 35,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக விழுந்துவிட்டது. செலவில் உணவின் பங்கு 66 வீதத்திலிருந்து 84 வீதத்துக்கு ஏறிவிட்டது. ஏங்கலின் கணக்கு இங்கே சரியாகச் சொல்கிறது, ஆனால் வளவில் விளைந்ததையும் சேர்த்துப் போட்டால் மட்டும். அதை விட்டுவிட்டுக் காசை மட்டும் பார்த்தால் பழைய நிலையில் உணவின் பங்கு 40 வீதமாகத் தெரியும். ஊரிலிருந்தபோது பணக்காரர் போலவும் இப்போது திடீரென்று ஏழையானவர் போலவும், அல்லது கடைக்கணக்கைப் பார்ப்பவருக்கு நேர்மாறாகவும் தெரியும்.

இன்னுமொன்று. முருங்கையிலையும் முட்டையும் கடையில் வாங்கும் பொருள்களாக மாறியவுடன், காசு குறைந்த நாளில் முதலில் நிற்பவை அவைதான். சோற்றை நிறுத்த முடியாது. விலை ஏறும்போது மிக வறியவர்கள் சோற்றைக் கூட்டி மற்றதைக் குறைப்பதுமுண்டு. சீனாவின் ஹுனான் மாகாணத்திலே இரு பொருளியலாளர்கள் நடத்திய பரிசோதனையொன்று 2008இல் வெளியானது. மிக ஏழைக் குடும்பங்களுக்கு அரிசிக்கு மானியம் கொடுத்தபோது அவர்கள் அரிசி வாங்குவது குறைந்தது, மானியத்தை நீக்கியபோது கூடியது. மலிவாகக் கிடைத்தபோது மிஞ்சிய காசில் வேறு கறி வாங்கினார்கள். அரிசி விலை ஏறியபோது கறிக்குக் காசில்லாமல் வயிற்றை அரிசியாலேயே நிரப்பினார்கள். கடைக்காரரின் கணக்கில் அரிசி நன்றாக விற்றதென்று இருக்கும். பிள்ளைகளின் நிறையும் உயரமும் வேறு சொல்லும். தாய் சேய் நிலையத்தில் பிள்ளையின் அட்டையிலே மருத்துவமாது கீறும் வளர்ச்சிக் கோடு, கடைக்கணக்கைவிட நம்பத்தக்க வறுமைக் கணக்கென்பது நம் எண்ணம்.

பசியை எண்ணும் முறை

உலக உணவுத் திட்டமும் வேறு நிறுவனங்களும் குடும்பங்களிடம் ஐந்து கேள்விகள் கேட்பார்கள். நம் வாசகர்கள் பலர் இவற்றுக்கு விடை சொல்லியிருப்பார்கள், ஆனால் எதற்காகக் கேட்கிறார்கள் என்று எவரும் விளக்கியிருக்க மாட்டார்கள். கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் விருப்பமில்லாத மலிவான உணவைச் சாப்பிட்டீர்கள்? எத்தனை நாள் உணவையோ உணவுக்கான உதவியையோ பிறரிடம் கடன்பட்டீர்கள்? எத்தனை நாள் ஒரு வேளையில் சாப்பிடும் அளவைக் குறைத்தீர்கள்? எத்தனை நாள் வேளைகளைக் குறைத்தீர்கள்? எத்தனை நாள் சிறுபிள்ளைகள் சாப்பிடப் பெரியவர்கள் குறைத்துச் சாப்பிட்டீர்கள்?

நாட்களை அப்படியே கூட்டுவதில்லை. மலிவான உணவு, அளவைக் குறைத்தல், வேளையைக் குறைத்தல் என்பவற்றுக்கு ஒவ்வொரு நாளுக்கும் 1 புள்ளி. கடன்படுதலுக்கு 2. பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் குறைத்துச் சாப்பிட்டதற்கு 3 புள்ளி. தாய் சட்டியை வழித்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுப்பதைக் கணக்கிலே மூன்று மடங்காக எழுதுகிறார்கள். தாய்மார் வெட்கத்தால் மறைப்பதும் இதைத்தான். கேட்பவரிடம் "நாங்கள் சமாளிக்கிறோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் அந்த வீட்டின் புள்ளி குறைந்து, வசதியான வீடாகப் பதிவாகும்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இந்த வகையான ஆய்வுகளைக் கொண்டே இலங்கையில் பத்துக் குடும்பங்களில் மூன்று, அதாவது ஏறத்தாழ 63 இலட்சம் பேர், உணவுப் பாதுகாப்பில்லாமல் இருப்பதாக உலக உணவுத் திட்டம் கூறியது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021இல் 13 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதமாயிற்று. அவ்வாண்டு மக்கள் ஏழைகளானார்களா என்ற கேள்விக்கு ஐயமற்ற விடை இதுதான். பின்வந்த ஆண்டுகளில் விலை ஏற்றம் அடங்கிய பின்பும் அந்த வீதம் பழைய நிலைக்கு விரைவாகத் திரும்பவில்லை.

எண்ணப்படாத ஆண்டுகள்

அரசாங்கத்தின் வறுமைக் கணக்கு வீட்டு வருமான செலவின ஆய்விலிருந்து வருகிறது. 1990/91, 1995/96, 2002 ஆகிய ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. நாட்டின் வறுமை இத்தனை வீதம் என்று அந்த ஆண்டுகளில் எழுதியபோது, நிவாரண அரிசிக்கும் மாவுக்கும் சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்ற நம்மவர்கள் அதற்குள் இல்லை. 2009/10 ஆய்விலும் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் விடுபட்டன. எல்லா மாவட்டங்களையும் உள்ளடக்கிய முதல் ஆய்வு 2012/13இல் நடந்தது. அதிலே முல்லைத்தீவின் வறுமை 28.8 வீதம் என்று வந்தது, நாட்டிலேயே மிக உயர்ந்தது.

பின்னர் திருத்திய வறுமைக் கோடு 2019ஆம் ஆண்டுக்கு ஆளொருவருக்கு மாதம் 6,966 ரூபா. அக்கோட்டின்படி நாட்டில் 14.3 வீதத்தினர் வறியவர்கள். முல்லைத்தீவில் 44.5 வீதம். 2022இன் பிற்பகுதியில் விலையேற்றத்தால் அதே கோடு 13,000 ரூபாவைத் தாண்டியது. ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 65,000 ரூபாவுக்கு மேல். மேலே நாம் காட்டிய உதாரணக் குடும்பத்தின் 25,000 ரூபாவை இதனோடு வைத்துப் பாருங்கள்.

இந்த ஆய்விலே வீட்டில் விளைந்து சாப்பிட்ட பொருளையும் சந்தை விலைக்கு மதித்துச் சேர்க்கிறார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் 2023 ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாகத் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவுக்குக் குடும்பங்களைத் தெரிவது வேறு முறை. 22 அளவுகோல்கள் கொண்டு கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டின் நிலை முதலியவற்றைப் பார்க்கிறார்கள். கடைக்கூடையை எவரும் பார்ப்பதில்லை. பெயரிலே காணி இருந்து அதற்குள் போக முடியாதிருக்கும் குடும்பம், காணிச் சொந்தக்காரராகவே எழுதப்பட்டுவிடலாம். அந்தக் காணியில் பயிர் செய்யவில்லை, வருமானமும் இல்லை என்பதை விண்ணப்பத்திலும் மேன்முறையீட்டிலும் தெளிவாகச் சொல்ல வேண்டும். முடிந்தால் கிராம அலுவலரின் கடிதத்தையும் சேர்க்க வேண்டும்.

அதற்கு உதவும் என்பதால் ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் ஒரு மாதக் கணக்கை எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். முதற் பக்கத்தில் வந்த காசு. அடுத்ததில் கடையில் வாங்கியது, விலையோடு எடையையும் சேர்த்து. அடுத்ததில் கடன்பட்டதும் திருப்பிக் கொடுத்ததும். கடைசிப் பக்கத்தில் காசில்லாமல் வந்தவை: வேலியோரம் ஆய்ந்த கீரை, அயலார் தந்த தேங்காய், நிவாரணமாக வந்த மா. எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் பிள்ளைக்குக் கூட்டலும் பழகும். மாத முடிவில் உணவுச் செலவை மொத்தத்தாற் பிரித்து நூறாற் பெருக்கினால் ஏங்கலின் வீதம் வந்துவிடும். அடுத்த மாதமும் அதே வீதத்தைப் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆய்வுக்கு வருபவர்கள் வழமையாக ஒரு கிழமைச் சாப்பாட்டுச் செலவைக் கேட்பார்கள். அப்போது மறக்காமல் அந்தக் கடைசிப் பக்கத்தையும் காட்டுங்கள். கீரைக்கு என்ன கணக்கென்று நினைத்து விட்டுவிட வேண்டாம், அதற்கென்று அவர்களின் படிவத்திலேயே இடமிருக்கிறது.